விட்டுப்போன இரண்டு காட்சிகள்

துப்பறியும் நாவல்களை இரண்டாந்தரம் படிக்கிற வழக்கம் எனக்கு இல்லை. கொலை செய்தவன் யார் என்று தெரிந்துவிட்ட பிறகு அந்தப் புஸ்தகத்தில் மிச்சம் என்ன இருக்கப் போகிறது? ரயில் ஏறும்போது வாங்கி, இறங்கும்போது பக்கத்து ஸீட்காரரிடம் கொடுத்துவிட்டு வருகிற வகைப் புஸ்தகங்கள் அவை.

இதற்கு விலக்காக என்னிடம் ஒரே ஒரு புஸ்தகம் இருக்கிறது. அமெரிக்கரான டாஷியல் ஹாமெட் எழுதிய 'மால்டா ராஜாளி'. நாலைந்து தடவை படித்திருக்கிறேன். இனியும் படிப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

ஸான்பிரான்ஸிஸ்கோ நகரத்தில் புஷ் தெருவை ஒட்டி பரிட் என்று ஒரு சின்னச் சந்து இருக்கிறது. அங்கே சுவரில் ஒரு தகடு பதித்திருக்கிறார்கள். ஸாம் ஸ்பேட் என்பவனின் கூட்டாளி மைல்ஸ் ஆர்ச்சரை ஏறக்குறைய இந்த இடத்தில் இன்னார் தீர்த்துக் கட்டினார் என்று, கொலையாளியின் பெயரோடு, அதில் பொறித்திருக்கிறது. ஸாம் ஸ்பேடும் ஆர்ச்சரும் ரத்தமும் சதையுமாக வாழ்ந்தவர்கள் அல்ல. ஹாமெட்டின் நாவலில் வருகிறவர்கள். நடக்காத கொலைக்கு ஒரு ஞாபகச் சின்னம்! அதிலும் கதையின் மர்மத்தை வழிப்போக்கர் எல்லாருக்கும் போட்டு உடைத்துவிடுகிற சின்னம். மர்மம் போனாலும் கதை போகாது என்ற நம்பிக்கை இல்லாமல் அப்படி ஒரு தகட்டைப் பதித்திருக்க முடியாது. அந்தத் தைரியத்தில் நானும் இங்கே எதையும் மறைக்கப் போவதில்லை.

முதலில் ஆசிரியரைப் பற்றி இரண்டு வார்த்தை. ஹாமெட் 1894-ல் பிறந்தவர். எழுத்துக்கு வருமுன் பிங்கர்டன் என்ற பிரபலமான தனியார் துப்பறியும் நிறுவனத்தில் சில வருஷங்கள் வேலை பார்த்தவர். சம்பளத்துக்காக இன்னொருவன் பின்னால் தெருத் தெருவாக நடந்தவர். அதனால் அவருடைய துப்பறிபவன் சாய்வு நாற்காலியில் சாய்ந்துகொண்டு, சாம்பலையும் காலடித் தடத்தையும் வைத்துக் கணக்குப் போடுகிற மேதாவி அல்ல. வாடகை கொடுக்க வேண்டியவன். கட்சிக்காரர்களிடம் பணம் கறக்கத் தெரிந்தவன். போலீஸிடம் பொய் சொல்லத் தெரிந்தவன். 'பிளாக் மாஸ்க்' என்ற மலிவு விலைப் பத்திரிகையில் 1929 செப்டம்பரிலிருந்து ஐந்து மாதம் தொடராக வந்து, 1930-ல் இந்த நாவல் புஸ்தகமாயிற்று.

கதை சிக்கலானது, சுருக்கமாகச் சொல்கிறேன். ஸ்பேட், ஆர்ச்சர் என்ற இருவர் நடத்தும் ஆபீஸுக்கு ஓர் அழகான பெண் வருகிறாள். தன் தங்கையை ஒருவன் ஏமாற்றிக் கூட்டி வந்துவிட்டான், அவனைப் பின்தொடர வேண்டும் என்கிறாள். அன்றிரவே ஆர்ச்சர் சுடப்பட்டுச் சாகிறான். பின்தொடரப்பட்டவனும் சாகிறான். தங்கை என்று யாரும் இல்லை. அந்தப் பெண்ணின் உண்மைப் பெயர் பிரிஜிட் ஓஷானஸி. அவளும், கட்மன் என்ற பருத்த மனிதரும், கெய்ரோ என்ற வாசனைத் தைல ஆசாமியும், கட்மனின் அடியாளான வில்மர் என்ற பையனும் ஒரே பொருளைத் தேடி உலகத்தைச் சுற்றுகிறார்கள். அது பொன்னால் செய்து ரத்தினங்கள் பதித்து, மேலே கறுப்புப் பூச்சுப் பூசிய ஒரு ராஜாளிப் பறவைச் சிலை. 1530-ல் சக்கரவர்த்தி ஐந்தாம் சார்லஸ் மால்டா தீவை ஒரு வீரத் துறவியர் சங்கத்துக்குக் கொடுத்தார். வருஷத்துக்கு ஒரு ராஜாளி கப்பம் கட்டவேண்டும் என்பது ஏற்பாடு. இது சரித்திரம். சரித்திரத்தில் அது உயிருள்ள பறவை. கதையில் அதைப் பொன் பறவையாக்கிவிட்டார் ஹாமெட். கடைசியில் சிலை கிடைக்கிறது. கத்தியால் சுரண்டிப் பார்த்தால் உள்ளே ஈயம். ஆர்ச்சரைக் கொன்றவள் பிரிஜிட் என்று ஸ்பேட் கண்டுபிடிக்கிறான். அதற்குள் அவர்கள் காதலர்கள் ஆகிவிட்டிருக்கிறார்கள். அவளைப் போலீஸில் ஒப்படைக்கிறான்.

இதில் ஹாமெட் ஒரு கடுமையான விரதத்தை மேற்கொண்டிருக்கிறார். ஸ்பேடின் மனசுக்குள் அவர் ஒரு தடவைகூட நுழைவதில்லை. அவன் நினைத்தான், வருந்தினான், சந்தேகித்தான் என்ற பேச்சே கிடையாது. அவன் கண் எப்படி மாறியது, விரல் என்ன செய்தது, உதடு எப்படிச் சுருங்கியது என்பதோடு சரி. நடு இரவில் டெலிபோன் அடிக்கிறது. கூட்டாளி செத்துப்போனான் என்று செய்தி வருகிறது. ஸ்பேடுக்குத் துக்கமா, நிம்மதியா? ஆர்ச்சரின் மனைவி ஐவாவோடு அவனுக்கு ஏற்கனவே உறவு உண்டு. ஆர்ச்சரை அவனுக்குப் பிடிக்கவும் பிடிக்காது. ஹாமெட் இதற்கு விடை சொல்லாமல், அவன் ஒரு ஸிகரெட்டுச் சுருட்டுவதைப் பொடிப்பொடியாக வர்ணித்துக்கொண்டே போகிறார். புகையிலையைப் பரப்புவது, காகிதத்தை உருட்டுவது, ஓரத்தை நாக்கால் ஈரப்படுத்துவது எல்லாம் வந்தாகிறது. ஸிகரெட் முடிந்ததும் நமக்கு ஸ்பேடைத் தெரிந்துவிட்டது போலவும் இருக்கிறது. ஒன்றுமே தெரியாதது போலவும் இருக்கிறது.

இப்படி வெளிப்புறத்தை மட்டும் எழுதிய நாவல் ஸினிமாவுக்கென்றே பிறந்தது என்று தோன்றும். ஹாலிவுட்டுக்கும் தோன்றிற்று. வார்னர் கம்பெனி பத்து வருஷத்துக்குள் மூன்று தடவை இதைப் படமாக்கிற்று. 1931-ல் ஒன்று. 1936-ல் பெயர்களையும் பொருளையும் மாற்றி, பெட்டி டேவிஸை வைத்து, தமாஷாக ஒன்று. 1941-ல் மூன்றாவது. உலகம் ஞாபகம் வைத்திருப்பது இந்த மூன்றாவதைத்தான்.

அதன் டைரக்டர் ஜான் ஹ்யூஸ்டனுக்கு அதுதான் முதல் படம். அதுவரையில் திரைக்கதை எழுதிக்கொண்டிருந்தவர். ஹாலிவுட்டில் சொல்லும் கதை ஒன்று உண்டு. நாவலைக் காட்சி காட்சியாகப் பிரித்து, பேச்சுக்களை அப்படியே டைப் அடிக்கச் சொல்லிக் காரியதரிசியிடம் கொடுத்தாராம். அந்தக் காகிதக் கட்டு முதலாளி கைக்குப் போய், அவர் அதையே திரைக்கதை என்று நினைத்துப் பிரமாதம் என்று ஒப்புக்கொண்டுவிட்டாராம். நிஜமோ பொய்யோ, படத்தைப் பார்த்தால் நம்பத்தான் தோன்றுகிறது. நாவலாசிரியனுக்கு இப்படி ஒரு டைரக்டர் கிடைப்பது பூர்வஜன்ம புண்ணியம் என்று என் எழுத்தாள நண்பர் ஒருவர் பெருமூச்சு விட்டார். அவருடைய நாவல் படமானபோது தலைப்பு மட்டுமே மிஞ்சியது. அவர் விட்ட பெருமூச்சில் நியாயம் உண்டு.

நடிகர்களைப் பற்றியும் சொல்லவேண்டும். நாவலின் ஸ்பேட் வெளிர்முடி, உயர்ந்த ஆகிருதி, சாத்தான் சாயல் உள்ளவன். ஹம்ப்ரி போகார்ட் கறுத்த முடியும் சாதாரண உயரமும் உள்ளவர். ஜார்ஜ் ராஃப்ட் என்ற நட்சத்திரம் வேண்டாம் என்று தள்ளிய வேஷம் இவருக்கு வந்தது. இன்று அந்த வெளிர்முடிக்காரனை எவ்வளவு முயன்றாலும் மனசில் கொண்டுவர முடியவில்லை. ஒவ்வொரு பக்கத்திலும் போகார்ட்தான் வந்து நிற்கிறார். கட்மனாக வரும் ஸிட்னி கிரீன்ஸ்ட்ரீட் நாடக மேடையிலேயே காலம் கழித்து, அறுபது வயசுக்கு மேல் முதல் தடவையாகக் காமிராவுக்கு முன்னால் வந்தவர். அவர் வயிற்றைக் கீழிருந்து மேலாகக் காட்டுகிற காமிராவிலேயே அந்த மனிதரின் பேராசை முழுதும் தெரிந்துவிடுகிறது. பீட்டர் லோரி, எலிஷா குக் இருவரும் அப்படியே. கப்பலிலிருந்து சிலையைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு விழுந்து சாகிற மாலுமியாக ஒரு நிமிஷம் வருகிறவர் டைரக்டரின் தகப்பனார் வால்டர் ஹ்யூஸ்டன். மகனின் முதல் படத்துக்குத் தகப்பனார் செய்த ஆசீர்வாதம்.

ஹ்யூஸ்டன் வெறுமனே நாவலைப் பெயர்த்து எழுதிவிடவில்லை என்பதற்கும் சாட்சி உண்டு. அந்த டெலிபோன் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். இருட்டில் கட்டில் பக்கத்து மேஜையும் டெலிபோனும். பின்னால் ஜன்னல் திரை காற்றில் ஆடுகிறது. ஒரு கை வந்து டெலிபோனை எடுத்துக்கொண்டு போகிறது. குரல் மட்டும் கேட்கிறது. ஸ்பேடின் முகம் தெரிவதில்லை. ஹாமெட் ஸிகரெட்டால் மறைத்ததை இவர் ஜன்னல் திரையால் மறைக்கிறார். வேறு கருவியால் அதே காரியம். இதற்குப் பெயர்தான் நாவலுக்கு உண்மையாக இருப்பது.

இன்னொரு இடம். கட்மனின் ஹோட்டல் அறையில் ஸ்பேட் ஆவேசமாகக் கத்தி, கண்ணாடித் தம்ளரைச் சிதறடித்துவிட்டு வெளியேறுகிறான். தாழ்வாரத்துக்கு வந்ததும் முகத்தில் சிரிப்பு. அடடா, கோபம் அத்தனையும் நடிப்பு! ஆனால் தன் கையைப் பார்க்கிறான்; அது நடுங்கிக்கொண்டிருக்கிறது. கோபம் பொய், பயம் நிஜம். அதைப் பார்த்தும் சிரிக்கிறான். நாவலில் உள்ள இந்தச் சின்ன விஷயத்தைக் கண்டுபிடித்துக் காப்பாற்றின டைரக்டரை ரஸிகன் என்றுதான் சொல்லவேண்டும்.

சரி, எல்லாம் வந்துவிட்டதா? இரண்டு விஷயங்கள் வரவில்லை. கட்மனுக்கு நாவலில் ஒரு மகள் உண்டு, அவளும் படத்தில் இல்லை. அது நஷ்டமே அல்ல. நான் சொல்லும் இரண்டும் வேறு.

ஒன்று, நாவலின் ஏழாவது அத்தியாயத்தில் ஸ்பேட் சொல்லும் ஒரு கதை. கெய்ரோவுக்காகக் காத்திருக்கும் நேரத்தில், யாரும் கேட்காமலே, பிரிஜிட்டிடம் அவன் சொல்கிறான். டகோமா ஊரில் ஃபிளிட்கிராஃப்ட் என்று ஒருவன். வீடு மனை வியாபாரம். மனைவி, இரண்டு பிள்ளைகள், நல்ல வரும்படி. 1922-ல் ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போகிறான். கட்டிக்கொண்டிருந்த கட்டிடத்திலிருந்து ஓர் உத்தரம் அவன் பக்கத்தில் வந்து விழுகிறது. நடைபாதையிலிருந்து ஒரு சில்லுத் தெறித்துக் கன்னத்தில் கீறியதோடு சரி. ஆனால் வாழ்க்கையின் மூடியை யாரோ திறந்து உள்ளே இருப்பதைக் காட்டிவிட்டது போல் ஆகிவிடுகிறது அவனுக்கு. ஒழுங்காக வாழ்ந்தால் ஒழுங்காக நடக்கும் என்று நம்பியிருந்தவன், இத்தனையும் குருட்டுத்தனமாக விழும் ஓர் உத்தரத்தில் தொங்குகிறது என்று கண்டுகொள்கிறான். அப்படியே ஊரைவிட்டுப் போகிறான். வீட்டுக்குத் திரும்பவே இல்லை. சில வருஷங்களுக்குப் பிறகு ஸ்பேட் அவனை ஸ்போகேன் ஊரில் கண்டுபிடிக்கிறான். புதுப் பெயர், கார் வியாபாரம், புது மனைவி, ஒரு குழந்தை. விட்டுவிட்டு வந்த அதே வாழ்க்கையை மறுபடியும் அமைத்துக்கொண்டிருக்கிறான். உத்தரங்கள் விழுகிற உலகத்துக்குத் தன்னைச் சரிப்படுத்திக்கொண்டான். பிறகு உத்தரங்கள் விழவில்லை. விழாத உலகத்துக்குச் சரிப்படுத்திக்கொண்டுவிட்டான். ஸ்பேடுக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த பகுதி அதுதான். பிரிஜிட் ஒரு வார்த்தை மெச்சிவிட்டு உடனே தன் விஷயத்துக்குத் திரும்பிவிடுகிறாள். அவளுக்குக் கதை புரியவில்லை.

புரிந்திருந்தால் ஜாக்கிரதையாக இருந்திருப்பாள். மனசுக்குள் நுழையமாட்டேன் என்று விரதம் இருந்த ஹாமெட், ஒரே ஓர் இடத்தில் கதவைச் சிறிது திறந்து வைத்திருக்கிறார். ஸ்பேட் எந்த உலகத்தில் வாழ்கிறான் என்று அங்கே தெரிகிறது. உத்தரம் எப்போதும் விழலாம். அதை மறக்காமல் வாழவேண்டும். யாருடைய வாக்கையும் நம்பி அதன் கீழே நிற்கக்கூடாது. கடைசியில் பிரிஜிட்டுக்கு அவன் சொல்லப்போகும் பதில் இதில் இருக்கிறது. படத்தில் இந்தக் கதை இல்லை. படத்தை நிறுத்திவைத்துவிட்டு இரண்டு பேர் உட்கார்ந்து பேசுகிற கதையை எந்த டைரக்டரும் விட்டுவிடத்தான் செய்வார். நானும் குறை சொல்லமாட்டேன். ஆனால் விட்டதால் என்ன நேர்கிறது என்று பார்க்கலாம்.

கடைசிக் காட்சி. பிரிஜிட்டைப் போலீஸில் கொடுக்கப்போகிறேன் என்கிறான் ஸ்பேட். காரணங்களை வரிசையாக அடுக்குகிறான். கூட்டாளி கொலையுண்டால் ஏதாவது செய்தாகவேண்டும். கொன்றவளை விட்டுவிட்டால் தொழிலுக்குக் கெடுதல். நாளைக்கு அவள் தன்னையும் சுடமாட்டாள் என்று எப்படித் தெரியும்? இந்தப் பக்கம் இவ்வளவு. அந்தப் பக்கம், ஒருவரை ஒருவர் ஒருவேளை நேசிக்கலாம் என்ற ஒன்றே ஒன்று. மளிகைக் கடைக்காரன் வரவு செலவு பார்ப்பது போல் காதலைத் தராசில் வைக்கிறான். படத்தில் போகார்டும் மேரி ஆஸ்டரும் இதை நடித்திருக்கிறார்கள் பாருங்கள், அதற்கு ஈடு சொல்ல எனக்கு வேறு படம் தெரியவில்லை. போகார்டின் கண்கள் கலங்கிப் பளபளக்கின்றன. குரல் மட்டும் கணக்குச் சொல்கிறது.

பிறகு போலீஸ் வருகிறது. அவளை லிஃப்டில் ஏற்றுகிறார்கள். கம்பிக் கதவு மூடுகிறது. கம்பிகளின் நிழல் அவள் முகத்தில் விழுகிறது. லிஃப்ட் இறங்குகிறது. ஈயப் பறவையைக் கையில் எடுத்துக்கொண்டு ஸ்பேட் மாடிப்படி வழியாக இறங்கிப் போகிறான். அவ்வளவுதான் படம். மறக்க முடியாத முடிவு. தியேட்டரைவிட்டு வெளியே வந்த அன்று நானும் கொஞ்ச தூரம் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு ஸ்பேடைப் போல நடந்தேன். காதலையும் கடமையையும் எடைபோட்டுக் கடமையைத் தேர்ந்த தனி மனிதன்! அவன் சோகமே நமக்கு ஒரு பெருமையாக இருக்கிறது.

நாவல் அங்கே முடியவில்லை. இதுதான் விட்டுப்போன இரண்டாவது காட்சி. ஒன்றிரண்டு பக்கந்தான். திங்கட்கிழமை காலை. ஆபீஸ். காரியதரிசிப் பெண் எஃபி பெரின் பத்திரிகையில் செய்தியைப் படித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். கதை முழுவதிலும் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நல்லவள் ஒருத்தி உண்டென்றால் அது எஃபிதான். ஸ்பேடிடம் பக்தி உள்ளவள். பிரிஜிட் நல்லவள், உதவி செய்யுங்கள் என்று ஆரம்பத்தில் சொன்னவளும் அவளே. ஸ்பேட் வருகிறான். அந்தப் பெண்ணுக்கு நீங்களா இப்படிச் செய்தீர்கள் என்று கேட்கிறாள். அவள் ஆர்ச்சரைக் கொன்றவள் என்று ஸ்பேட் சொல்கிறான். நீங்கள் செய்தது சரிதான், எனக்குத் தெரியும் என்கிறாள் எஃபி. ஆனால் இப்போது என்னைத் தொடவேண்டாம் என்று விலகிக்கொள்கிறாள். வெளிக்கதவில் சத்தம் கேட்கிறது. போய்ப் பார்த்துவிட்டு வந்து, ஐவா வந்திருக்கிறாள் என்கிறாள். கூட்டாளியின் விதவை; ஸ்பேட் தட்டிக் கழித்துக்கொண்டிருந்த, அலுத்துப்போன உறவு. ஸ்பேடின் உடம்பு ஒரு தடவை நடுங்குகிறது. உள்ளே வரச் சொல்கிறான். நாவல் முடிகிறது.

இந்த ஒரு பக்கம் முன்னால் வந்த அத்தனையையும் புரட்டிப்போட்டுவிடுகிறது. ஸ்பேட் செய்தது சரியா என்று ஹாமெட் கேட்கவில்லை. சரிதான் என்று எஃபியே ஒப்புக்கொண்டாயிற்று. சரியானதைச் செய்த மனிதனோடு ஒரே அறையில் இருக்க முடியுமா என்றுதான் கேட்கிறார். அவனுக்குக் கிடைக்கும் பரிசு தனிமையின் கம்பீரம்கூட அல்ல, ஐவா. உத்தரத்துக்குப் பயந்து ஒதுங்கிய ஃபிளிட்கிராஃப்ட் பழைய வாழ்க்கைக்கே திரும்பியது போல, ஸ்பேடும் வேண்டாம் என்று ஒதுக்கிய பழைய சகதிக்கே திரும்புகிறான். ஏழாவது அத்தியாயமும் கடைசிப் பக்கமும் ஒரே கயிற்றின் இரண்டு முனைகள். ஹ்யூஸ்டன் இரண்டு முனையையும் சேர்த்தே வெட்டிவிட்டார்.

இதில் ஒரு காலவித்தியாசமும் இருக்கிறது. 1934-லிருந்து ஹாலிவுட்டில் தணிக்கை விதிகளைக் கண்டிப்பாக அமல் நடத்தினார்கள். குற்றவாளி தப்பிக்கக்கூடாது என்பது விதி. ஆகவே 1941-ல் திரையில் பிரிஜிட் சிறைக்குப் போவது ஸ்பேடின் முடிவு மட்டும் அல்ல, தணிக்கையின் முடிவும்கூட. நாவலில் அவள் தப்பியிருக்கலாம். தப்பவிடாததற்கு ஸ்பேட் ஒருவனே பொறுப்பு. அந்தப் பொறுப்பின் பாரந்தான் எஃபியின் பார்வையில் இருக்கிறது. 1931-ல் எடுத்த முதல் படமோ வேறு பக்கம் வழுக்கிவிட்டது. அதன் முடிவில் ஸ்பேட் சிறைக்குப் போய் அவளைப் பார்க்கிறான். அவனுக்கு அரசாங்கத் தரப்பில் ஒரு பெரிய உத்தியோகமும் கிடைத்துவிடுகிறது. ஒரே கதைக்கு மூன்று முடிவுகள். ஒன்றில் அவனுக்கு உத்தியோகம், இன்னொன்றில் கம்பீரம், நாவலில் மட்டும் வெட்கம்.

எனக்கு இது புஸ்தக விவகாரம் மட்டும் அல்ல. பல வருஷங்களுக்கு முன் நான் அங்கத்தினனாக இருந்த ஒரு வாசகசாலையில் பணம் குறைந்தது. எடுத்தவர் என் சிநேகிதர், நல்லவர், கஷ்டத்தில் எடுத்தார். விசாரித்தபோது எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். பொய் சொல்லியிருந்தால் சம்பளம் வாங்கும் ஓர் ஏழைக் குமாஸ்தாவின் தலையில் பழி விழுந்திருக்கும். வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் சொன்னேன். "நீங்கள் செய்தது சரிதான்" என்றாள். பிறகு சாப்பாட்டைப் பரிமாறிவிட்டு, முகம் பார்க்காமல் அடுக்களைக்குள் போய்விட்டாள். இரண்டு நாள் அந்த மௌனம் நீடித்தது. நாவலின் கடைசிப் பக்கத்தை அதற்குப் பிறகு படித்தபோதுதான் ஸ்பேட் ஏன் நடுங்கினான் என்று எனக்குப் புரிந்தது. படத்தைப் பார்த்துக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்ட நாளில் அது புரிந்திருக்க நியாயம் இல்லை.

ஹாமெட் தாமும் ஒரு சமயம் கூண்டில் நின்றார். 1951-ல், அமெரிக்காவில் கம்யூனிஸ்ட் வேட்டை நடந்த காலத்தில், ஜாமீன் நிதி ஒன்றுக்குப் பணம் கொடுத்தவர்களின் பெயர்களைச் சொல்லும்படி கோர்ட்டு அவரைக் கேட்டது. சொல்ல மறுத்தார். ஆறு மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது. காதலியையே காட்டிக்கொடுக்கும் கதாநாயகனைப் படைத்தவர், யாரையும் காட்டிக்கொடுக்காமல் சிறைக்குப் போனார். இதில் முரண்பாடு இல்லை என்று நினைக்கிறேன். இரண்டு பேரும் ஒரே கேள்விக்கு முன்னால் நின்றவர்கள். ஒருவன் சொன்னான், ஒருவர் சொல்லவில்லை. இருவரும் விலை கொடுத்தார்கள். 1961-ல் இறக்கும்வரை ஹாமெட் வேறு நாவல் எழுதவில்லை. 1934-லேயே கடைசி நாவல் வந்தாகிவிட்டது.

ஹ்யூஸ்டனின் படத்தை நான் குறைத்துச் சொல்வதாக நினைக்கவேண்டாம். 1989-ல் அமெரிக்க அரசாங்கம் பாதுகாக்க வேண்டிய படங்கள் என்று முதன்முதலாகத் தேர்ந்தெடுத்த இருபத்தைந்தில் அதுவும் ஒன்று. அதற்கு முழு யோக்கியதை உண்டு. 2013-ல் அந்தப் படத்தில் வந்த ஈயச் சிலை ஒன்று ஏலத்தில் நாற்பது லட்சம் டாலருக்கு மேல் போயிற்று. கட்மன் உயிரோடு இருந்தால் வயிறு குலுங்கச் சிரித்திருப்பார். பொன் என்று தேடி ஈயம் என்று எறிந்ததை ஈயம் என்று தெரிந்தே வாங்குகிறது உலகம். படத்தின் கவர்ச்சி அப்படிப்பட்டது.

நான் சொல்வது இவ்வளவுதான். படத்தைப் பாருங்கள், ஸ்பேட் படியிறங்கிப் போகிறவரைக்கும் பாருங்கள். பிறகு புஸ்தகத்தை எடுத்துக் கடைசி ஒன்றிரண்டு பக்கத்தைப் படியுங்கள். மறுநாள் காலை அவன் ஆபீஸுக்குப் போகவேண்டியிருக்கிறது. அங்கே எஃபி உட்கார்ந்திருக்கிறாள்.